பேச்சுக்காலில் ஒரு பொதுமன்னிப்பு

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பொதுமன்னிப்பு என்பது கார் லைசென்ஸ் மாதிரியான ஒரு சாமான் என்று நம்பினேன். கொடுத்த நாட்டுக்குள் ஓடும். ஆக்லாந்தில் வந்து இறங்கினால் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் இங்கே பரீட்சை எழுதி, ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டி, நியூசிலாந்து மன்னிப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் காலாவதி. என் மகளுக்கு மாமனாராக வரவிருந்த மனிதர் தென்னாப்பிரிக்காவில் மன்னிப்பு வாங்கி, கிளென்ஃபீல்டில் குடியேறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. மாற்றியதாக யாரும் சொல்லவில்லை. ஆகவே அவருடைய கார் ஹார்பர் பாலத்தைக் கடந்து எங்கள் மவுண்ட் ரோஸ்கில் பக்கம் திரும்பும்போது போலீஸ் ஹெலிகாப்டரும் கூடவே திரும்பும், என் வீட்டுக் கூரைக்கு மேலே நின்று ஒலிபெருக்கியில் என் பெயரைப் பிழையாக உச்சரிக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிக்கவில்லை.

செய்தி எனக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது. மகள் வாசலில் நின்று கையை ஆட்டினாள். இங்கே பிறந்த பிள்ளை. உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறாள். மற்றவர்களின் முதுகை நிமிர்த்துவது அவளுடைய தொழில், என் முதுகை உடைப்பது பொழுதுபோக்கு. மெஷினை நிறுத்தினேன்.

“அப்பா, டோன்ட் பேனிக்” என்றாள்.

எங்கள் வீட்டில் இந்த வசனம் ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதுவதற்குச் சமம். உடனே பதறத் தொடங்கினேன்.

“என்ன பிள்ளை? அவையள் வேண்டாமாமோ?”

“நோ, நோ. பேச்சுக்காலுக்கு வரேக்கை அவற்றை டாட் ஒரு விஷயம் சொல்லவேணுமாம். எல்லாருக்கும் முன்னாலை.”

“என்ன விஷயம்?”

“ஹி காட் அம்னஸ்டி.”

“என்னத்துக்கு?”

“ஒரு பாம்.”

நான் செய்த முதல் காரியம், புல்வெட்டும் மெஷினைத் திரும்ப இழுத்து ஸ்டார்ட் பண்ணியது. அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். விளைவு, அவள் அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தவேண்டி வந்தது.

“எ பாம், அப்பா! அப்பார்த்தைட் டைமிலை! ஹி ப்ளூ அப் எ சப்ஸ்டேஷன்!”

வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஃபிஜிக்காரப் பெரியவர் தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தார். நான் அவருக்குக் கை காட்டினேன். அவரும் கை காட்டினார். இருவரும் மிகவும் அன்பான அயலவர்களாக நடந்துகொண்டோம்.

மெஷினை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கேட்டேன். பையன் குடும்பம் டர்பன் தமிழர். கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன சனத்தின் நாலாம் தலைமுறை. வெள்ளையர் ஆட்சி நடந்த காலத்தில் பையனுடைய அப்பாவுக்கு இருபது சொச்ச வயது. அந்த ஆட்சியை எதிர்த்த இயக்கத்தில் இருந்தவர். ஒரு மின்சார நிலையத்தில் குண்டு வைத்தார். பிற்பாடு ஆட்சி மாறியது. அரசியலுக்காகத் தாக்குதல் செய்தவர்கள், எந்தப் பக்கத்தில் நின்றவர்களானாலும், வந்து நடந்ததை முழுவதும் சொன்னால் மன்னிப்பு என்று ஒரு ஆணைக்குழு வைத்தார்கள். அவர் போய்ச் சொன்னார். கிடைத்தது.

அந்த வெள்ளை அரசுக்கு எதிராகக் குண்டு வைத்தவர் என்றால் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே கைதட்டியிருப்பேன். உண்மையில் தட்டியும் இருக்கிறேன், வாசிகசாலைக் கூட்டம் ஒன்றில், முன்வரிசையில் இருந்து. ஆனால் கைதட்டுவது வேறு, சம்பந்தம் செய்வது வேறு.

“சரி பிள்ளை, அவர் அதை எனக்கு மட்டும் காதுக்குள்ளை சொன்னால் காணாதோ? மாமாவுக்கு முன்னாலையும் சொல்லவேணுமோ?”

“யெஸ். மாமாவுக்கும். சொல்ல விடாட்டி அவை வரமாட்டினம், அப்பா. நான் அவையை ஃபோர்ஸ் பண்ணவும் மாட்டன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். நான் வெட்டிய புல்லையே இன்னொரு தரம் வெட்டினேன்.

மாமா என்று அவள் சொன்னது என் மனைவியின் தமையனை. நகரத்தின் தெற்குக் கோடியில், தகனினியில் இருக்கிறார். ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால், அது முதலில் தகனினிக்குப் போய்த்தான் திரும்பும். மச்சான் மூன்று தொலைபேசி அழைப்பில், டொரொண்டோவில் இருக்கும் ஒரு பையனுடைய அப்பப்பா எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்பது வரை எடுத்துவிடுவார். விசாரிப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பின்னால் நின்று விசாரிக்க வேண்டும். முன்னால் வந்து கேட்டால் அது மரியாதைக் குறைவு. இரு வீட்டாரும் கூடிக் கல்யாணம் பேசும் பேச்சுக்கால் அன்றைக்கு எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், ஒருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். மழையைப் பற்றியும் தெற்கு மோட்டர்வே நெரிசலைப் பற்றியும் இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு, எழும்பும்போது நாளைக் குறித்துவிடுவார்கள். பேச்சுக்கால் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டர்பன் மட்டும் மச்சானுடைய வலையில் விழவில்லை. அவருக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவரையும் தெரியாது. இரண்டு கிழமையாக மனிதர் அதனாலேயே உற்சாகம் குன்றிப்போயிருந்தார். அவருக்கு இப்போது வெடிகுண்டு ஒன்று தானாக வந்து மடியில் விழப்போகிறது.

அடுத்து வந்த நாட்களில் நான் நடந்துகொண்ட விதத்தை என் பிள்ளை ஒரு காலத்தில் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கட்டும் என்பதற்காகவே எழுதிவைக்கிறேன். வேலைத்தலத்துக் கம்ப்யூட்டரில் பொதுமன்னிப்பு பற்றித் தேடினேன். தேடியதை யாராவது பார்ப்பார்களே என்று அழித்தேன். அழித்ததுதான் சந்தேகத்துக்கு இடம் என்று தோன்றியதால், அப்பாவியான ஒரு மனிதன் தேடக்கூடிய விஷயங்களைத் தேடி நிரப்பினேன்: முட்டை இல்லாத கேக், முழங்கால் வலி, ரோஜாவுக்கு எப்போது உரம் போடுவது. என்னிடம் ரோஜா கிடையாது.

இந்த நாட்டில் மன்னிப்புடன் எனக்கு இருந்த பழக்கம் ஒரே ஒரு தொட்டியுடன்தான். விமான நிலையத்தில் சோதனைக்கு முன்னால் ‘அம்னஸ்டி பின்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்த கருவாட்டையோ மாம்பழத்தையோ நீயாக அதற்குள் போட்டுவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வைத்துக்கொண்டு பிடிபட்டால்தான் தண்டம். நான் ஒவ்வொரு பயணத்திலும் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று, பயத்தில் பிஸ்கட்டைப் போட்டுவிட்டு, கறிவேப்பிலையை உள்ளே கொண்டுவந்துவிடுகிறவன். அப்படியானவனுக்கு முழுவதையும் சொல்கிற மனிதரைக் கண்டால் ஏன் பயம் வராது?

சமையலறையில் மனைவியிடம் ஆலோசனை கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“இஞ்சாரும், இந்தாள் குண்டு வைச்சதாம்.”

“தெரியும். பிள்ளை எனக்குப் போன மாசமே சொல்லிப்போட்டாள்.”

“போன மாசமோ? பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“நித்திரை கொள்ளட்டும் எண்டுதான்.”

“குடிவரவுக்காரர் வந்து எங்களையும் தோண்டினால் என்ன செய்யிறது?”

“உங்களைத் தோண்டி என்னத்தை எடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு வெங்காயத்தை வெட்டினாள். அது ஆறுதலா அவமானமா என்று தீர்மானிக்க எனக்கு நேரம் எடுத்தது. பிறகு அவளே தொடர்ந்தாள். “கோயில் மண்டபத்திலை எங்களோடை பந்தியிலை இருக்கிற ஆக்களிலை ஆரிட்டையாவது, நீங்கள் சண்டை நடக்கேக்கை என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டிருக்கிறியளோ?”

“அதெப்பிடிக் கேக்கிறது? கேக்கக்கூடாது. அது மரியாதை.”

“இந்த மனிசன் நீங்கள் கேக்காமலே சொல்லுறன் எண்டுது. அதிலை என்ன மரியாதை குறைஞ்சுபோச்சு?”

வெளியே வந்தேன். ஆனால் மனம் அடங்கவில்லை. கொழும்பில் லொட்ஜ் வாசலில் பொலிஸ்காரன் டோர்ச் அடித்து முகத்தைப் பார்த்த காலத்தில் ஒரு பழக்கம் என் உடம்பில் ஏறியிருந்தது: கேட்டதற்கு மட்டும் பதில், அதிலும் கொஞ்சம் குறைத்து. அந்தப் பழக்கத்தோடுதான் இந்த நாட்டில் முப்பது வருடமாக நல்லபடி வாழ்ந்து, வீட்டுக் கடனும் கட்டி முடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். அது பிழை என்று ஒரு டர்பன்காரர் வந்து சொல்லிவிட்டுப் போவதா?

எனவே பேச்சுக்காலுக்கு முந்திய சனிக்கிழமை, வீட்டில் பெயின்ட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கிளென்ஃபீல்ட் மாலுக்குப் போய் அவரைச் சந்தித்தேன். நான்தான் அழைத்திருந்தேன். ஒரு மூலை மேசையில் எனக்கு முன்னரே வந்து இருந்தார். நெடிய, மெலிந்த மனிதர். இங்கே பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பலகையில் எழுதிப் பழகிய ஆட்களுக்கே உரிய நிதானத்தில் பேசுவார். தமிழ் கொஞ்சம்தான் வரும், மிச்சம் ஆங்கிலம். நான் இங்கே தமிழில் தருகிறேன்.

“வாங்க, அண்ணா” என்றார். அது அவருடைய சொந்தத் தமிழ்.

நான் இங்கிதமாகத் தொடங்கினேன். வெயில், மழை, பாலத்தில் நெரிசல். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் குண்டு வைத்ததைப் பற்றித்தானே பேச வந்தீர்கள்?” என்றார், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பையனுக்கும் கேட்கும் குரலில்.

பக்கத்து மேசையில் குழந்தைக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து, குழந்தை அழகு என்று சொன்னேன். இவரிடம் கெஞ்சினேன்: “அந்தச் சொல்லை இங்கே சொல்லாதீர்கள்.”

“வேறு எதைச் சொல்ல?”

“பலகாரம் என்று சொல்லுங்கள்.”

அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. டர்பனிலும் தீபாவளிக்குத் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுப்பார்களாம். யோசித்துத் தலையாட்டினார். “சரி. அப்படியென்றால், அண்ணா, நான் அந்தப் பலகாரத்தை டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒட்டவைத்துவிட்டு—”

எனக்குத் தேநீர் மூக்கால் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: “எப்போது பிடிபட்டீர்கள்?”

“பிடிபடவில்லை.”

“ஒருபோதுமா?”

“ஒருபோதும் இல்லை. எல்லை தாண்டிப் போய்விட்டேன். ஆட்சி மாறிய பிறகு திரும்பி வந்தேன்.”

“உங்கள் மேல் யாருக்காவது சந்தேகம்?”

“இல்லை.”

“பின்னே எதற்காக ஐயா சொன்னீர்கள்?” என் குரல் உயர்ந்துவிட்டது. கேக் ஊட்டும் பெண் மறுபடி பார்த்தாள். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வீண்செலவை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊர் ஆள் என்றால் பிடிபட்ட பிறகும் அது தன் சித்தப்பா மகன் என்று சொல்லியிருப்பான்.

“என்றைக்காவது யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வாழப் பிடிக்கவில்லை. முதலில் அவ்வளவுதான் காரணம். பெரிய மனது ஒன்றும் இல்லை.”

“போய் மன்னிப்புக் கேட்டீர்களா?”

“மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று விதி இல்லை, அண்ணா. அரசியல் நோக்கத்துக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டும். விதி அதுதான். வருத்தப்படுவதா இல்லையா என்பது அவரவர் விருப்பம்.”

எங்கள் வழக்கத்தின் நேர் எதிர். நாங்கள் என்றால் எது நடந்தது என்று சொல்லாமலே மன்னிப்பை மட்டும் கேட்போம்: ஏதாவது குறை நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று, மண்டபத்தை விட்டு வெளிக்கிடும்போது, பொதுவாக.

நான் சமரசத்துக்கு வந்தேன். “ஒன்று செய்வோம். பேச்சுக்காலில் பாதியைச் சொல்லுங்கள். அரசியல், போராட்டம், வெள்ளையர் கொடுமை, அது எல்லோருக்கும் பிடிக்கும். என் மச்சானே கைதட்டுவார். மிச்சப் பாதியைப் பேரப்பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்வோம்.”

“பாதி சொன்னால் செல்லாது.”

“இப்போது ஆணைக்குழுவா வந்து கேட்கிறது?”

“இல்லை. என் மனைவி கேட்பாள்” என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் தைரியம் பெற்று நான் ஒரு பகிடி விட்டேன். பையன் மின்சாரக் கம்பிகள் பழுதுபார்க்கும் வேலை செய்கிறவன். “அப்பா உடைத்ததை மகன் திருத்துகிறான் என்று கணக்கைச் சரிபண்ணிவிடலாமே” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. ஆனால் நான் சொன்னது ஒரு பிழையான விடை என்பதுபோலப் பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொள்ளத் தெரியாத ஆள். “யாருக்கும் காயம் கீயம்?” என்று கேட்டேன்.

“அதை அன்றைக்குச் சொல்கிறேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தரம். தனித்தனியாகச் சொல்லப் போனால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.”

ஆக, யாருக்கோ காயம். பாலத்தைக் கடந்து திரும்பி வரும்போது எனக்கு அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி, “பெயின்ட் எங்கை?” என்று கேட்டாள். நிறம் பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

பேச்சுக்கால் அன்றைக்கு நான் மூன்று பாதுகாப்பு வளையம் போட்டிருந்தேன். முதலாவது உளுந்து வடை: மனிதர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒன்று. இரண்டாவது தேநீர். மூன்றாவது டிவியில் கிரிக்கெட். தென்னாப்பிரிக்கா ஆடுகிற நாளாகப் பார்த்துத்தான் நானே நாள் குறித்தேன். தன் நாடு ஆடும்போது எந்த ஆண்பிள்ளை அரசியல் பேசுவான்?

அவர்கள் வந்தார்கள். அவரும், அவர் மனைவியும், பையனும். அந்த அம்மா குள்ளமான, தலை முழுதும் நரைத்த மனுஷி; வந்ததும் டிவியைப் பார்த்து, “இதை நிறுத்தலாமா? நாங்கள் பேச வந்திருக்கிறோம்” என்று கேட்டு, ரிமோட்டைத் தானே எடுத்து நிறுத்திவிட்டார். ஒரு வளையம் போயிற்று.

மச்சான் மோட்டர்வே நெரிசலில் மாட்டி, வியர்த்து, தாமதமாக வந்தார். நான் அவசரமாக அவரை நெரிசலைப் பற்றியே பேசவைத்தேன். எந்த இடத்தில் விபத்து, எத்தனை பாதை மூடியிருந்தது, மாநகராட்சி என்ன செய்கிறது. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. டர்பன்காரர் ஒரு முறை தொண்டையைச் செருமினார்; நான் வடையை நீட்டினேன். இன்னொரு முறை செருமினார், இன்னொரு வடை. மூன்றாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனி ஒன்று வந்தால் அதையும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில்தான் வைப்பார் போல இருந்தது.

கெடுத்தது நான் எதிர்பார்த்த ஆள் இல்லை. மச்சான்.

மச்சான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்களைப் பற்றி விசாரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு அங்கே ஆட்கள் இல்லை. ஆனபடியால் நேரே கேட்கிறேன், குறை நினைக்கக்கூடாது. நீங்கள் ஆர்?”

எங்கள் வழக்கத்தில் இது ஒரு சரித்திர நிகழ்ச்சி. பின்னால் நின்று விசாரித்தே வாழ்ந்த மனிதர், ஆள் இல்லாத குறையால் முன்னால் வந்து கேட்டுவிட்டார். நான் பாய்ந்து வடைத் தட்டைத் தூக்கினேன்.

“அவர் கதைக்கட்டும். நீங்கள் சும்மா இருங்கோ” என்றாள் மனைவி. தட்டைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சொன்னார். எழுந்து நிற்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தொழிற்சாலைகள் மூடியிருக்கும் பகுதி. அந்த நேரத்தில் உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று வேவு பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்துவதுதான் நோக்கம், ஆளைக் கொல்வது இல்லை. வேலியை வெட்டி உள்ளே போனார். வைத்தார். வெளியே வந்தார். காவலாளி ஒருவர் கொட்டகைக்குப் பின்னால் இருந்திருக்கிறார். மழைக்காக அன்று நேரத்துக்கு முன்னரே வேலைக்கு வந்துவிட்டவர். கறுப்பர், நாற்பது வயதுக்காரர். வெடித்ததில் அவருக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது.

மச்சான் இருமினார். நான், இவ்வளவுதானே, முடிந்தது, அரசியல், விபத்து, மன்னிப்பு என்று மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினேன்.

“இன்னும் இருக்கிறது” என்றார் அவர்.

விசாரணை மண்டபத்தில் அந்தக் காவலாளி முன்வாங்கில் ஊன்றுகோலோடு இருந்தாராம். அவருக்கும் கேள்வி கேட்க உரிமை இருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வாசல் கேற்றடியில் என் சைக்கிள் சாத்தியிருந்தது. நீ அதைப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல சாட்சி இல்லை. இவருடைய சட்டத்தரணி முதல்நாளே சொல்லியிருந்தார், கேட்காததை நீயாகச் சொல்லாதே என்று. இப்போது கேட்டாயிற்று.

“பார்த்தேன் என்றேன். யாரோ கைவிட்ட பழைய சைக்கிள் என்று நினைத்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது முழுவதும் இல்லை. அந்த சைக்கிளின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது, மழையில் நனையாமல் இருக்க. கைவிட்ட சைக்கிளுக்கு யாரும் சீட்டை மூடிவைக்கமாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கைவிட்ட சைக்கிள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய் வைத்தேன். அதையும் சொன்னேன்.”

அவர் மனைவி மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். “கைக்குழந்தையோடு நான் அந்த மண்டபத்தில் இருந்தேன்” என்றார். “கல்யாணம் கட்டும்போது குண்டைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தார். காலைப் பற்றியும் சொல்லியிருந்தார். சைக்கிளைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன், ஊராரோடு சேர்ந்து. அன்று முடிவெடுத்தேன், எங்கள் வீட்டுக்குள் வருகிற யாரும் இனி இதை முழுவதும் முதலில் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.”

மன்னிப்புக் கிடைத்தது, சில மாதம் கழித்து. அது கிடைத்துவிட்டால் வழக்கு இல்லை. காலை இழந்தவர் நட்டஈடு கேட்டும் இவர்மேல் வழக்குப் போட முடியாது. சட்டம் அப்படி. விசாரணை முடிந்த அன்று வாசலில் இவர் கையை நீட்டியிருக்கிறார். காவலாளி கையைப் பார்த்தார். “அவர்கள் மன்னித்தால் அவர்களோடு வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வழக்கமாக இப்படியான இடத்தில் வாயில் ஒரு பகிடி வந்து நிற்கும். வந்து நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். விழுங்கினேன்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்: “பிள்ளை, சொன்னாப் பிறகு இவருக்கு நித்திரை வந்ததோ எண்டு கேள்.”

மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் அவசரப்படாமல் யோசித்தார். “உடனே இல்லை. பிறகு வந்தது. எல்லா நாளும் இல்லை.”

மகள் அதைத் திருப்பித் தமிழில் சொல்லவேண்டியிருக்கவில்லை, மச்சானுக்கு விளங்கிவிட்டது. “ஓம்” என்றார். “ஓம்.” அதற்குமேல் எந்த ஊர், எந்தப் பகுதி என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. என் மனைவி தன் தமையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை நடந்த வன்னியில் இருந்து கொழும்புக்கு வந்து சேர முன்னம், மச்சானுக்குக் கணக்குச் சொல்லாத இரண்டு வருடம் இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மரியாதை.

மகள் எழுந்து பின்வளவுக்குப் போனாள். பையன் எழப் பார்த்தான். அவன் அம்மா அவன் முழங்கையைப் பிடித்து இருத்தினார். நான் போனேன். உண்மையான பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அதுவரை பயந்ததெல்லாம் போலீஸ், குடிவரவு, மச்சான் என்று, எனக்காகத்தான். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் நிற்கப்போவது அவளுடையது என்பது, வடை சுட்டு வளையம் போட்ட இத்தனை நாளில், எனக்கு ஒருதரமாவது ஒழுங்காக உறைக்கவில்லை.

உடுப்புக் காயும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

“பிள்ளை, வேண்டாமெண்டால் சொல்லு. நான் போய்ச் சொல்லுறன். குறை நினைக்கமாட்டினம்.”

“ஹி நியூ, அப்பா. உள்ளுக்கை ஆரோ இருக்கினம் எண்டு தெரியும்.”

“ஓம்.”

“சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது, என்ன?”

“ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“நீங்கள் எண்டா சொல்லியிருப்பீங்களோ?”

நான் ஐம்பத்தைந்து வருடம் பகிடியால் தப்பியவன். அன்று ஒன்றும் அகப்படவில்லை. “இல்லை” என்றேன்.

தலையாட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவர் தன் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் விட்டு முடிக்கும் வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய், டர்பன்காரருக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்து, அந்தக் காவலாளி இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். தெரியாது என்றார், தேடிப் போன ஒரு தடவை காவலாளியின் மகள் வாசலில் நின்று, அப்பா உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். “ஓகே” என்றாள் என் மகள். பிறகு பையனைப் பார்த்து இன்னொரு “ஓகே” சொன்னாள். இரண்டாவது ஓகேயைக் கேட்ட பிறகுதான் மச்சான் நாட்காட்டியைக் கேட்டார்.

ஏப்ரலில் கல்யாணம் நடந்தது. போலீசும் வரவில்லை, குடிவரவுக்காரரும் வரவில்லை. காலை இழந்த மனிதரிடம் இருந்து அவருக்கு இன்றுவரை மன்னிப்பும் வரவில்லை.